சொல்தா கேட்ட புசேல்

எனக்கு முன்கோபம் அதிகம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்தாவும் நானும் பழகியதே ஒரு சண்டையில்தான். காரைக்காலிலிருந்து தருமபுரம் போகிற சாலையில் எனக்கு ஷீல்டு, மெடல், பேட்ஜ் செய்கிற கடை. பள்ளிக்கூட விளையாட்டு விழா, மதரசா ஆண்டு விழா, கபடிப் போட்டி எதுவானாலும் என்னிடம்தான் வருவார்கள். பத்து வருஷத்துக்கு முன் ஒரு ஜூலை மாதம், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர்களின் சங்கத்துக்கு ஷீல்டு வேண்டும் என்று யாரோ ஒரு படத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். செய்து அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கினால், ஒட்ட வெட்டிய தலையும் இஸ்திரி கலையாத சட்டையுமாக ஒருவர் அந்த ஷீல்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிறார்.

“யாரு செஞ்சது இது?”

“நான்தான். ஏன், நல்லா இல்லியா?”

“மூஞ்சி தப்பான பக்கம் திரும்பியிருக்கு.”

படத்தில் இருந்தது ஓர் இரும்பு மார்க்கவசம். அதன்மேல் ஓர் இரும்புத் தலைக்கவசம். எழுத்துக்கு இடம் வேண்டும் என்று நான்தான் அதை மறுபக்கம் திருப்பிப் போட்டிருந்தேன்.

“எந்தப் பக்கம் பார்த்தா என்னங்க? உள்ள ஆளா இருக்கான்?” என்றேன்.

“அந்தப் பக்கம் பார்த்தா அப்பன் பேரு தெரியாதவன்னு அர்த்தம். அந்தக் காலத்து ராஜா வீட்டு முத்திரையில எல்லாம் அப்படித்தான் கணக்கு. எங்க சங்கத்துல நாப்பது பேரு இருக்கோம். எல்லாருக்கும் அப்பன் இருக்கான்.”

அவருக்கும் குரல் ஏறியது, எனக்கும் ஏறியது. பக்கத்து டீக்கடையில் எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் நான்தான் ராத்திரிக்குள் வேறு செய்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, “கோவக்காரனா இருந்தாலும் வேலைக்காரன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பெயர் தனியேல். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். என் கடைக்கு நாலு வீடு தள்ளித்தான் அவர் வீடு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறந்தது திருவேட்டக்குடிப் பக்கம். அப்பா பிரெஞ்சுக் குடியுரிமையை விடாமல் வைத்திருந்தவர். அதனால் தனியேல் இருபது வயதில் பிரான்சுக்குப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தார். சேர்ந்தது பொறியாளர் படையில். பாலம் கட்டுவது, பாதை வெட்டுவது, புதைத்து வைத்த கண்ணிவெடியைத் தேடி எடுப்பது அவர்கள் வேலை. அந்தப் படைக்குப் பிரெஞ்சில் ‘ஜெனி’ என்று பெயராம். எங்கள் பக்கம் சர்க்கரைக்கு ஜீனி என்போம். அதனால் சொல்தா பட்டாளத்தில் ஜீனி மூட்டை தூக்கினவர் என்றே தெருவில் பாதிப் பேர் நம்பிக்கொண்டிருந்தார்கள். அவரும் திருத்தவில்லை. “வெடியைத் தூக்கினேன்னு சொன்னா யாரு நம்பப் போறா, ஜீனியாவே இருக்கட்டும்” என்பார்.

ஆனால் அவர் நடையைப் பார்த்தால் தெரிந்துவிடும். தரையைப் பார்த்தே நடப்பார். புதிதாகத் தோண்டி மூடிய மண்ணை மிதிக்க மாட்டார், சுற்றிக்கொண்டு போவார். கேபிள் போட ரோட்டைத் தோண்டினால் போதும், கடைக்கு வருவதற்கு அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வருவார். வழியில் கிடக்கிற டப்பாவைப் பையன்கள் எட்டி உதைத்தால் அவர் முகம் வெளுத்துப்போகும். நான் கிண்டல் செய்திருக்கிறேன். இப்போது நினைத்தால் என் வாயில் நானே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஒரு நாள் தன் ரெஜிமென்ட் பேட்ஜைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். உள்ளங்கைக்குள் அடங்குகிற பித்தளை. சட்டையின் வலது பையில் பித்தானில் மாட்டித் தொங்கவிடுவதற்கு மேலே ஒரு தோல் வார். கறுப்பும் சிவப்புமாக வண்ணம். நடுவில் அதே மார்க்கவசமும் தலைக்கவசமும், கீழே இரண்டு வளைவு வைத்த ஒரு பாலம், பாலத்துக்குக் கீழே தண்ணீர். தொழில்காரன் கண்ணுக்கு அது நல்ல வேலை. விளிம்பில் ஒரு பிசிறு கிடையாது. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் செய்தவர் முத்திரையும் ஓர் எண்ணும் இருந்தன. அதற்குக் கீழே ஊசியால் கீறின மாதிரி ஐந்து கோடுகள்.

“இது என்னண்ணே, கீறல் விழுந்திருக்கு?”

“அது உங்க அக்கா வேலை” என்று தன் மனைவியைச் சொன்னார். அதற்குமேல் சொல்லவில்லை.

“மண்ணு வெட்டுறவனுக்கு எதுக்கு இரும்புச் சட்டை?” என்று கேட்டேன்.

“அந்தக் காலத்துல கோட்டையைப் பிடிக்கணும்னா, செவுரு வரைக்கும் பள்ளம் வெட்டிக்கிட்டே போகணும். மேலேருந்து சுடுவான். மத்தவனாச்சும் திருப்பிச் சுடலாம், ஓடலாம். வெட்டுறவன் குனிஞ்சே இருக்கணும். சுடுறவனைப் பார்க்கக்கூட முடியாது. ஒண்ணும் செய்ய முடியாதவனுக்குத்தான் தம்பி இரும்புச் சட்டை.”

இப்படி இருந்தவரைப் போன தை மாதம் பக்கவாதம் அடித்தது. காலையில் எழுந்தவர் பாத்ரூம் வாசலில் விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் இருபது நாள். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வலது கையும் வலது காலும் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது. தமிழும் பிரெஞ்சுமாக வாய் ஓயாமல் பேசுகிற மனிதருக்கு மிஞ்சியது ஒரே ஒரு சொல்.

“புசேல்.”

பசித்தாலும் அதுதான், தாகத்துக்கும் அதுதான் என்று முதலில் நினைத்தோம். டாக்டர்கூட, “பேச்சு நரம்பு பாதிச்சா இப்படி ஒரு வார்த்தை மாட்டிக்கும்” என்றார். ஆனால் கஞ்சி கொடுத்தாலும், தண்ணீர் கொடுத்தாலும், ஃபேனைப் போட்டாலும் அவர் அடங்கவில்லை. எலேன் அக்கா, அதாவது அவர் மனைவி, கட்டில் பக்கம் வந்தால் மட்டும் நல்ல கையால் அக்காவின் கையைப் பிடிப்பார். உள்ளங்கையை விரிப்பார். அதில் ஒன்றும் வைக்காமலே விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடுவார். “புசேல்” என்பார். கண்ணில் தண்ணீர் நிற்கும்.

எலேன் அக்கா காரைக்காலில் சிஸ்டர்மார் நடத்திய பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தவர். பிரான்சுக்காகப் போர் செய்த வீரப்பெண்ணான புனித ஜான் தார்க்குக்கு ‘லா புசேல்’ என்று ஒரு பெயர் உண்டு என்று அவருக்குப் பாடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பட்டாளத்துக்காரர்களின் புனிதை ஆயிற்றே, மனுஷன் பிரார்த்தனை செய்கிறார் என்று அக்காவுக்கு ஒரே சந்தோஷம். எங்கிருந்தோ ஜான் தார்க் படம் ஒன்றை வரவழைத்து, சட்டம் போட்டுத் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தார். போட்டுக் கொடுத்தேன். கட்டிலுக்கு எதிரே மாட்டினோம். சொல்தா படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இடது கையால் கட்டிலில் ஓங்கிக் குத்தினார். “புசேல், புசேல்” என்று அழ ஆரம்பித்துவிட்டார்.

இந்த இடத்தில்தான் தமியேன் வந்து சேர்ந்தார். எலேன் அக்காவின் அண்ணன், ஓய்வுபெற்ற பிரெஞ்சு வாத்தியார். எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். தலையணை மொத்தத்துக்கு ஓர் அகராதியைக் கொண்டுவந்து ஹாலில் உட்கார்ந்து புரட்டினார். கண்ணாடியைக் கழற்றினார்.

“புசேல்னா கன்னிப் பொண்ணு, எலேன். பேச்சு வழக்குல கொஞ்சம் மரியாதைக் குறைவான வார்த்தைதான். ஒரு பொண்ணைத்தான் கேக்குறாரு.”

“எந்தப் பொண்ணை?”

“எனக்கு எப்படித் தெரியும்? போஸ்னியா, லெபனான்னு எத்தனை ஊரு போயிருக்காரு.”

அந்த நாக்கை அறுத்தால்கூடத் தப்பில்லை. நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். அவர் வாத்தியார், நான் பத்தாவது பெயில். பிரெஞ்சில் எனக்கு என்ன தெரியும்? எலேன் அக்கா எழுந்து அடுப்படிக்குள் போனார். இருபத்தெட்டு வருஷக் குடித்தனம் அந்த ஒரு நிமிஷத்தில் ஆட்டம் கண்டது.

அதற்கப்புறம் அக்கா அவர் கையில் தன் கையைக் கொடுக்கவில்லை. கஞ்சி ஊட்டுவார், துடைப்பார், படுக்கை மாற்றுவார், எல்லாம் செய்வார். அவர் கையை நீட்டினால் மட்டும் இழுத்துக்கொள்வார். “பாவமன்னிப்பு கேக்குறாரு. எனக்கு அதெல்லாம் வேணாம்” என்று என் மனைவி சுஹைனாவிடம் சொன்னாராம். மகள் மாரிலின் பிரான்சில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடுவாள். அப்பா இந்த வார்த்தையைச் சொல்வது மகள் காதில் விழக் கூடாது என்று அக்கா போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார். “அப்பா தூங்குறாரும்மா” என்று சொல்லி வைத்துவிடுவார். மானக்கேடு என்றால் சும்மாவா?

பங்குனியில் ஒரு நாள் பழைய இரும்பு, பித்தளை வாங்குகிறவர் டிவிஎஸ் வண்டியில் மைக் கட்டிக்கொண்டு தெருவில் வந்தார். அக்கா அவரை நிறுத்தினார். பீரோவுக்கு மேலே இருந்த சொல்தாவின் பிஸ்கட் டப்பாவை அப்படியே கொண்டுவந்து கொட்டினார். பித்தான்கள், பெல்ட் பக்கிள், எல்லாம். அதற்குப் பதிலாக ஒரு நீலக் கலர் பிளாஸ்டிக் தொட்டி வாங்கிக்கொண்டார். சொல்தாவை உடம்பு துடைக்க வெந்நீர் வைப்பதற்குத் தோதாக இருந்தது. நான் கடையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பெரிய தொட்டியாகக் கிடைத்திருக்கிறதே என்று நினைத்தேன். அந்த டப்பாவில் என்ன இருந்தது என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

சித்திரையில் சொல்தா சாப்பாட்டை நிறுத்தினார். வாயை இறுக மூடிக்கொள்வார். திறந்தால் புசேல். எனக்குப் பொறுக்கவில்லை. கோபம் வந்தால் எனக்கு முன்னும் பின்னும் தெரியாது. மாரிலின் நம்பர் என்னிடம் இருந்தது. வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் போட்டேன். “உங்க அப்பா புசேல் புசேல்ங்கிறாரும்மா. உங்க மாமா அதுக்கு இல்லாத அர்த்தம் எல்லாம் சொல்றாரு. உங்க அம்மா உள்ளுக்குள்ள செத்துக்கிட்டு இருக்காங்க. எனக்கு ரெண்டுல ஒண்ணு தெரியணும்.”

பத்து நிமிஷத்தில் அவளே கூப்பிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

“அஸ்கர் அங்கிள், அது பேட்ஜ். பட்டாளத்துல ரெஜிமென்ட் பேட்ஜுக்குப் புசேல்னுதான் பேரு. அப்பா வீட்டுல பேட்ஜ்னு சொல்வாரு. அவரு கூட்டாளிங்ககிட்ட பேசும்போது புசேல்தான். அம்மாவுக்குத் தெரியாதா? எங்கிட்ட கேட்டிருக்கலாமே.”

போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டே அந்த வீட்டுக்கு ஓடினேன். எலேன் அக்கா வாசல்படியில் நின்று முழுவதும் கேட்டார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார்.

அன்றைக்குத்தான் அந்த ஐந்து கோடுகளின் கதையைச் சொன்னார். வெடி எடுக்கப் போகிற இடத்தில் சட்டையில் பளபளவென்று ஒன்றும் தொங்கக் கூடாதாம். அதனால் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் சொல்தா பித்தானிலிருந்து பேட்ஜைக் கழற்றுவார். அக்காவின் கையை விரித்து அதில் வைப்பார். விரல்களை மடக்கி மூடுவார். “வந்து வாங்கிக்கிறேன், எலேன்” என்பார். மூன்று மாதமோ ஆறு மாதமோ, அவர் திரும்பி வந்ததும் அக்காவே அதைப் பித்தானில் மாட்டிவிடுவார். மாட்டுவதற்கு முன் பின்னூசியால் பின்பக்கம் ஒரு கோடு கீறுவார். போஸ்னியா, கொசோவோ, சாட், லெபனான், ஆப்கானிஸ்தான். ஐந்து முறை கொடுத்துவிட்டுப் போய், ஐந்து முறையும் வந்து வாங்கிக்கொண்டார்.

“வெறுங்கையை மூடினாரு, எனக்கு விளங்கல. அந்தக் கையைத்தான் தம்பி நான் மூணு மாசமா இழுத்துக்கிட்டேன்” என்றார் அக்கா.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். அதைத்தான் நான் செய்தேன். டப்பாவோடு போன பேட்ஜுக்காக அந்த டிவிஎஸ் வண்டிக்காரரைத் தேடினேன். அம்பகரத்தூர் பஸ் போகிற வழியில் அவர் சரக்குப் போடுகிற கடை இருந்தது. அங்கே போய் ஒவ்வொரு சாக்காகக் கொட்டிப் பார்க்கச் சொல்லிச் சண்டை போட்டேன். கடைக்காரர் நல்ல மனுஷன், என் கத்தலைப் பொறுத்துக்கொண்டார்.

“பாய், பித்தளை லோடு போன மாசமே கும்பகோணம் போயிடுச்சு. இந்நேரம் உருக்கி, குத்துவிளக்கா வந்திருக்கும். கோவப்பட்டு என்ன பண்ணப் போறீங்க? உக்காருங்க, டீ குடிங்க.”

டீ குடித்தேன். வேறு என்ன செய்ய?

திரும்பி வருகிற வழியில்தான் நாமே ஒன்று செய்தால் என்ன என்று தோன்றியது. என் தொழிலே அதுதானே. மாரிலின் முன்பக்கமும் பின்பக்கமும் தெரிகிற படங்களைத் தேடி அனுப்பினாள். பித்தளைத் தகட்டில் ஆசிட் வைத்து அரித்து எடுக்கிற வேலை. மூன்று தகடு வீணாயிற்று. பாலத்தின் வளைவு ஒன்று கோணல், ஒன்றில் தண்ணீர் சரியாக விழவில்லை. தலைக்கவசம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு நாளைக்கு இருபது தடவை பார்த்தேன். செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்துத் தோல் வார் போட்டேன். பின்பக்கம் முத்திரையும் எண்ணும் வெட்டினேன். கடைசியில் ஐந்து கோடு. அந்தக் கோடுகளைப் போடும்போது அடுத்தவர் வீட்டு ஜெபத்தை நான் திருடிச் சொல்கிற மாதிரி இருந்தது. ஆனாலும் போட்டேன். புதுசு என்று தெரியாமலிருக்க உப்புத் தண்ணீரில் ஊற வைத்து, கரி தேய்த்துப் பழசாக்கினேன். இருபது நாள் ஆயிற்று. இத்தனை வருஷத்தில் இவ்வளவு நன்றாக எதையும் நான் செய்ததில்லை. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

இதற்குள் அக்கா அவர் கையில் தன் கையைத் திரும்பக் கொடுத்துவிட்டிருந்தார். சொல்தா இரண்டு வாய் கஞ்சி குடிக்க ஆரம்பித்திருந்தார். ஆனால் கேட்பதை விடவில்லை. வெறும் கையை விரித்து, மடக்கி, புசேல் என்பார். “தேடிக்கிட்டு இருக்கோங்க, கிடைச்சிடும்” என்று அக்கா சொல்வார்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து நேராக அவர்கள் வீட்டுக்குப் போனேன். பேட்ஜைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தேன். அக்கா அடுப்படியில் வெந்நீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். நீலத் தொட்டி பக்கத்தில் இருந்தது. கைக்குட்டையைப் பிரித்துக் கொடுத்தேன்.

அக்கா வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். திருப்பினார். கட்டை விரலால் கோடுகளைத் தடவினார்.

“அஞ்சும் இருக்கு” என்றார்.

“அவருக்கு வித்தியாசம் தெரியாதுக்கா. வாங்க, குடுப்போம்.”

அக்கா நகரவில்லை. பேட்ஜைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“இதை அவரு கையில குடுத்தா என்ன செய்வாருன்னு தெரியுமா, அஸ்கர்?”

அக்கா அடுப்பை அணைத்தார்.

“என் கையை விரிச்சு, இதை வச்சு, மூடுவாரு. மூடிட்டுக் கெளம்பிடுவாரு. அதுக்குத்தான் கேக்குறாரு. வெறுங்கையோட அவரு எங்கேயும் போனதில்ல. குடுத்துட்டுத்தான் போவாரு. இத்தனை நாளு அவரைப் பிடிச்சு வச்சிருக்கிறது இதுதான். இல்லாமப் போனதுதான்.”

“அக்கா, அஞ்சு மாசமா கேக்குறாரு. அந்த மனுஷன் படுற பாட்டைப் பாருங்க.”

“பார்க்குறேன். நான்தானே பார்க்குறேன்.” அக்கா குரலை உயர்த்தவில்லை. “கேக்கட்டும். கேக்குற வரைக்கும் இருக்காருல்ல.”

எனக்குக் கோபம் வந்தது. அக்காமேல் வந்ததா, தமியேன்மேல் வந்ததா, அந்த டிவிஎஸ் வண்டிக்காரர்மேல் வந்ததா, என் ரப்பே என்று அல்லாஹ்விடமே வந்ததா, தெரியவில்லை. இருபது நாள் உழைப்பு, அது கிடக்கட்டும். உள்ளே ஒரு மனிதர் ஒரே ஒரு பொருளைக் கேட்கிறார். அது இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. பிடுங்கிக்கொண்டு போய் அவர் கையில் வைத்துவிடலாம். நாலே எட்டு. என்னால் ஓர் எட்டுக்கூட எடுத்து வைக்க முடியவில்லை. அக்கா சொன்னது பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை. மெய்யாகி அவர் கண்ணை மூடிவிட்டால் அந்த மவுத்துக்கு நான் அல்லவா பேட்ஜ் செய்துகொடுத்தவனாவேன்?

அக்கா பேட்ஜைக் கைக்குட்டையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். வெந்நீரை நீலத் தொட்டியில் ஊற்றி, விளாவி, விரலை விட்டுச் சூடு பார்த்தார். தூக்கிக்கொண்டு உள்ளே போனார். நான் பின்னால் போனேன்.

சொல்தா கண் விழித்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் இடது கையை நீட்டினார்.

“புசேல்.”

“தேடிக்கிட்டுதாங்க இருக்கோம்” என்றார் அக்கா. துணியை நனைத்துப் பிழிந்தார். “இன்னும் கிடைக்கல.”

அவர் அக்காவை நம்பவில்லை என்று நினைக்கிறேன். மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். ஷீல்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என் கடை வாசலில் நின்றபோது பார்த்த அதே பார்வை. தப்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுகிற பார்வை. இத்தனை வருஷத்தில் நான் அவரிடம் சண்டை போட்டிருக்கிறேன், கிண்டல் செய்திருக்கிறேன், பொய் சொன்னதில்லை.

“கிடைக்கலைண்ணே” என்றேன்.

அவர் தன் கையை விரித்துப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு விரலாகத் தானே மடக்கி மூடிக்கொண்டார்.